கரப்பான் ஒட்டிக்கொள்ளாது



சில ஆண்டுகளுக்கு முன்பு என் இரண்டாம் ஆண்டு வகுப்பில் ஒரு மாணவன் இருந்தான். முழங்கையின் உட்புறமும் முழங்காலின் பின்புறமும் தோல் சிவந்து, தடித்து, நகக்கீறல்கள் நிறைந்திருக்கும். பக்கத்தில் அமர்ந்த மாணவியின் தாயார் முறையிட்டதும், அவனைத் தனியே கடைசி மேசைக்கு மாற்றினேன். ஒன்றும் பேசாமல் புத்தகப்பையைத் தூக்கிக்கொண்டு போனான். இதை எழுத இன்றும் கூசுகிறது.

அவனுக்கு இருந்தது எக்சிமா. நம் வீடுகளில் கரப்பான் என்போம். அது பிறருக்குத் தொற்றாது. தோலின் தடுப்புச் சுவர் பலவீனமாக இருப்பதால் ஈரம் வெளியேறுகிறது; உறுத்தும் பொருள்கள் உள்ளே நுழைந்து அழற்சியை உண்டாக்குகின்றன. ஃபிலாக்ரின் என்னும் தோல் புரதத்தின் மரபணுக் குறைபாட்டுக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பு 2006-இல் வெளிவந்தது. ஜொகூரின் வெக்கையும் வியர்வையும் அரிப்பைக் கூட்டும். புகைமூட்டமும் அப்படித்தான். 2013 ஜூனில் மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 746-ஐ எட்டி அவசரநிலை அறிவிக்கப்பட்டது பலருக்கு நினைவிருக்கும்.

பிறகு அவன் தாயாரை அழைத்துப் பேசினேன். "ஸ்டீராய்டு போட்டால் தோல் கெட்டுவிடுமாம் டீச்சர், அதனால் கிளினிக் மருந்தை நிறுத்திவிட்டேன்" என்றார். மாறாக, இரவுச் சந்தையில் வாங்கிய பெயரில்லாத களிம்பைப் பூசியிருக்கிறார். இரண்டே நாளில் குறைந்ததாம். விட்டதும் முன்பைவிட மோசமாகத் திரும்பியதாம். அதில் என்ன கலந்திருந்ததோ! இத்தகைய சில பொருள்களில் பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டும் பாதரசமும் இருந்ததை நம் சுகாதார அமைச்சு கண்டறிந்து எச்சரித்திருக்கிறது. பதிவு பெற்ற மருந்தாயின் உறையில் 'மால்' என்று தொடங்கும் எண் இருக்கும்.

வலுவான ஸ்டீராய்டை முகத்தில் மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும் என்பது உண்மையே. ஆனால் மருத்துவர் தரும் களிம்பை, அழற்சியுள்ள இடத்தில், சொன்ன நாள்களுக்கு மட்டும் பூசுவது வேறு. பெரியவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் ஏறக்குறைய அரை கிராம். இரண்டு உள்ளங்கை அளவு இடத்திற்கு அது போதும். ஈரப்பசைக் களிம்பை மட்டும் கஞ்சத்தனமின்றி நாளுக்குப் பல முறையும், வெதுவெதுப்பான நீரில் குளித்த உடனேயும் பூச வேண்டும். தோல் அடங்கிய பிறகும் இதை விடக்கூடாது. மஞ்சள் நிறப் பொருக்கோ சீழோ கண்டால் கிளினிக்குக்குச் செல்லுங்கள்.

பாட்டி கத்தரிக்காய், கருவாடு, முட்டை, பால் எல்லாவற்றையும் விலக்கிவிட்டாராம். பையன் ஏற்கெனவே ஒல்லி! மருத்துவரைக் கேளாமல் உணவைக் குறைக்க வேண்டாம் என்று கெஞ்சாத குறையாகச் சொன்னேன்.

முறையிட்ட தாயாரிடமும் நானே பேசினேன். மின்விசிறியின் கீழிருந்த பழைய இடத்திற்கே அவனை அழைத்து வந்தேன். ஓய்வு நேரத்தில் பூசிக்கொள்ள ஒரு சிறு களிம்புப் புட்டி என் மேசையில் இருந்தது. அந்த மாணவிதான் தினமும் அவனுக்கு அதை நினைவூட்டுவாள். அதற்குள் அவன் மூன்று வாரங்கள் தனியே அமர்ந்திருந்தான்.