சிங்கப்பூரில் ஒரு ராத்திரி

சிராங்கூன் சாலை வீரமாகாளியம்மனைக் கும்பிட்டுவிட்டு, முஸ்தபாவில் தேவையில்லாததை எல்லாம் வாங்கிக்கொண்டு அறைக்கு வந்தபோது மணி பத்து. வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்த அப்பா, அடுத்த ஒரு மணி நேரத்தில் ஆறு முறை வாந்தி எடுத்தார். வயது 68. சர்க்கரை வேறு.

"மெடிக்கல் ஷாப்ல ஒரு மாத்திரை வாங்கிட்டு வாம்மா, சரியாயிடும்" என்றார். அங்கே டாக்டர் சீட்டு இல்லாமல் ஆன்டிபயாடிக் தர மாட்டார்கள். டாக்ஸி பிடித்தோம்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் தமிழிலேயே பேசினார். ட்ரிப்ஸ் ஏற ஆரம்பித்தது. "நீர்ச்சத்து ரொம்பக் குறைஞ்சிருக்கு, அட்மிட் பண்ணணும்" என்றார் டாக்டர். அடுத்து கவுன்டர். அரசு மானியம் உள்ளூர்வாசிகளுக்குத்தான், சுற்றுலா வந்தவர்களுக்கு முழுக் கட்டணம். முன்பணமாகக் கேட்டது சில ஆயிரம் டாலர். ஒரு டாலர் அறுபது ரூபாய்க்கு மேல் என்று மனசு கணக்குப் போட்டது.

கார்டைத் தேய்த்தால், 'டிக்ளைன்ட்'. கணக்கில் பணம் இருக்கிறது. ஆனால் 2020-ல் வந்த ரிசர்வ் வங்கி விதிப்படி, புது கார்டுகள் உள்நாட்டுக்கு மட்டும்தான் இயங்கும். வெளிநாட்டுப் பயன்பாட்டை நாம்தான் 'ஆன்' செய்ய வேண்டும். செய்யவில்லை. இப்போது செய்யலாம் என்றால் ஓ.டி.பி. வர வேண்டிய இந்திய சிம், ஹோட்டல் பெட்டியில்! உள்ளூர் சிம் போட்ட ஜோரில் கழற்றி வைத்தது. அதை எடுத்துவர என் கணவர் ஓடினார்.

அந்த முக்கால் மணி நேரத்தை மறக்க முடியாது. "எனக்கு ஒண்ணுமில்லம்மா, வலியே போயிடுச்சு. ரூமுக்குப் போயிடலாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தார் அப்பா. உதடு வறண்டிருந்தது. வலி போகவில்லை, பில்லுக்குப் பயந்திருக்கிறார்.

இன்ஷூரன்ஸ் உதவி எண்ணுக்கு போன் போட்டேன். முதல் கேள்வியே, "ஏற்கெனவே என்ன வியாதி?" நல்லவேளை, பாலிசி எடுக்கும்போது சர்க்கரையை மறைக்கவில்லை. (பிரீமியம் கூடுமே என்று மறைக்கச் சொன்னவரும் அப்பாதான்!) அட்மிட் ஆனால் அவர்களே ஆஸ்பத்திரிக்குக் கட்டுவார்களாம். வெளிநோயாளியாகப் பார்த்தால் நாம் கட்டிவிட்டு, ஊர் திரும்பி க்ளெய்ம் செய்ய வேண்டுமாம். காலையில் ஒப்புதல் கடிதம் வந்தது. அதற்குள் கணவர் கார்டை 'ஆன்' செய்து கட்டியிருந்த முன்பணம், பாலிசிப்படி எங்கள் பங்கைக் கழித்துக்கொண்டு பிற்பாடு திரும்பியது.

இரண்டு நாள் கழித்து, அடுக்குமாடிக் குடியிருப்பின் கீழ்த்தளத்தில் இருந்த சின்ன கிளினிக்கில் மறுபடி காட்டினோம். டாக்டர் ஃபீஸும் மருந்துமாகச் சில பத்து டாலர்கள்தான். சாதாரணக் காய்ச்சல், இருமலுக்கு இதுவே போதும்.

ஊருக்கு வந்து அந்த பில்லை அனுப்பினால், சிங்கப்பூரில் நுழைந்த முத்திரை எங்கே என்றார்கள். அங்கே இப்போது பாஸ்போர்ட்டில் முத்திரை குத்துவதில்லை, மெயிலில் இ-பாஸ் வரும். நல்லவேளை, அதை நான் அழித்திருக்கவில்லை.

அடுத்து மலேசியா போகலாமா என்று கேட்டேன். "கார்டுல அந்த பட்டனை ஆன் பண்ணிட்டியா?" என்கிறார் அப்பா.