மாடி வீடும் வளவுக் காணியும்

எமது கிராமங்களில் பெண்கள் சமூகப் பணியாளரிடம் கேட்கும் கேள்விகள் காலத்துக்குக் காலம் மாறி வருகின்றன. 2010இல் மீளக்குடியமர்ந்தபோது தறப்பாள் எப்போது தருவார்கள் என்று கேட்டார்கள். பின்னர் வீட்டுத்திட்டப் பட்டியலில் பெயர் வருமா என்று கேட்டார்கள். இப்போது முரசுமோட்டையில் மட்டும் மூன்று பேர் என்னிடம், "கொழும்பில பிளட் ஒண்டு வாங்கிறது புத்தியோ, தங்கச்சி?" என்று கேட்டுவிட்டார்கள். கேட்டவர்கள் வசதிபடைத்தவர்கள் அல்லர். இரணைமடுத் தண்ணீரை நம்பி வயல் செய்யும் குடும்பங்கள். பிள்ளைகளில் ஒருவர் வெளிநாட்டில் இருப்பார். "காணியை வித்துப்போட்டு வெள்ளவத்தையில போய் இருங்கோ அம்மா, மிச்சக் காசை நான் போடுறன்" என்று தொலைபேசியில் சொல்லுவார். பிள்ளையின் அக்கறையில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால் விற்கப்படப்போவது தாயின் காணி. ஆகவே இவ்விடயம் பற்றிக் கொஞ்சம் விரிவாக எழுத நினைத்தேன்.

எமது வீடு வளவோடு சேர்ந்தது. குசினி பின்னுக்கு, கிணறு ஒரு மூலையில், கோழிக்கூடு வேலியோரம், முற்றத்தில் நெல் காயும். இந்திய வீட்டுத்திட்டத்தில் ஐந்தரை இலட்சம் ரூபா பகுதி பகுதியாக வங்கியில் விழ, சுமார் 550 சதுர அடி வீட்டை நாமே நின்று கட்டினோம். காசு காணாமல் தோட்டை அடைவு வைத்தவர்கள் எத்தனை பேர்! ஆனாலும் வாசல் எந்தப் பக்கம், குசினி எந்தப் பக்கம் என்று சொல்ல எமக்கு இடமிருந்தது. 2016இல் உருக்கு வீடுகள் தரும் யோசனைக்கு வடக்கில் எதிர்ப்பு எழுந்தபோது, வெக்கையும் அடுப்புப் புகையும் தெரிந்த எமது பெண்களுக்கு அதன் காரணத்தை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

கொழும்பின் தொடர்மாடிகளுக்கும் எமது யுத்தத்துக்கும் தொடர்பு உண்டு. 1983 ஆடிக் கலவரத்தில் வீடிழந்தவர்கள் வெளியேறினார்கள். பின்னர் வடக்கிலிருந்து இடம்பெயர்ந்தவர்கள் வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் வந்தார்கள். வெளிநாட்டுக் காசும் வந்தது. காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் மாமரத்தோடு நின்ற பழைய வீடுகள் இடிக்கப்பட்டு, அந்தந்த வளவுக்குள்ளேயே ஆறு மாடி, எட்டு மாடி என்று எழும்பின. கொழும்பில் சொந்த முகவரி இருப்பது அந்நாட்களில் ஆடம்பரமாகத் தெரியவில்லை. 2007 யூன் 7ஆம் திகதி அதிகாலையில் கொழும்பு லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர்கள் நூற்றுக்கணக்கில் பஸ்களில் ஏற்றி வவுனியாப் பக்கம் அனுப்பப்பட்டார்கள். மறுநாளே உயர்நீதிமன்றம் அதை நிறுத்த இடைக்காலத் தடை விதித்தது. ஆனாலும் அந்தப் பயம் பலருக்கும் போகவில்லை. வாடகை அறையில் இருப்பவரைத்தான் ஏற்றுவார்கள், சொந்த வீடு என்றால் கதவைத் தட்ட யோசிப்பார்கள் என்று நம்பிப் பலர் பிளட் வாங்கினார்கள்.

இன்று அந்தப் பயத்தின் இடத்தைக் காசுக் கணக்கு பிடித்திருக்கிறது. வெளிநாட்டுப் பிரசைகள் இங்கே காணி வாங்குவதை 2014ஆம் ஆண்டுச் சட்டமொன்று கட்டுப்படுத்தியது. ஆனால் தொடர்மாடி வீடுகளுக்கு அதே சட்டம் சில நிபந்தனைகளோடு விலக்கு வைத்தது. முரசுமோட்டையில் வயல் வாங்க முடியாத கனடாப் பிரசைக்குக் கொழும்பில் மாடி வீடு வாங்க வழி இருக்கிறது. பிள்ளைகள் பிளட், பிளட் என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

கேட்ட மூவரில் ஓர் அக்காவோடு நானும் கொழும்புக்குப் போனேன். ஏழாம் மாடி. ஜன்னலால் பார்த்தால் கடல். தரகர் மாபிள், குளியலறை, கீழே நிற்கும் காவலாளி என்று எல்லாம் காட்டினார். அக்கா எதையும் தொட்டுப் பார்க்கவில்லை. லிஃப்ற்றில் இறங்கும்போது அதன் நான்கு சுவரையும் கண்ணால் அளந்துவிட்டுக் கேட்டா:

"தம்பி, செத்தவீடு ஒண்டு வந்தால் பெட்டி இதுக்குள்ள போகுமோ?"

தரகர் சிரித்துவிட்டார். "இங்க ஆரும் வீட்டில வைக்கிறேல்ல அம்மா. மலர்ச்சாலைக்குத்தான் கொண்டு போறது."

அக்கா சிரிக்கவில்லை. 2009இல் இரண்டு பேரைப் பெட்டியில்லாமல், கிரியையில்லாமல் விட்டு வந்தவ அவ. தனக்கு என்ன நடக்கும் என்று தெரிந்துகொள்ள அவவுக்கு உரிமை உண்டு. அதன்பின் வாசலில் நின்று இன்னொன்று கேட்டா. "இந்த வீட்டுக்குக் கீழ இருக்கிற நிலம் ஆற்ரை?" தரகர் "எல்லாற்ரையும்தான்" என்றார். அந்தப் பதில் பொய் அல்ல. ஆனால் எமது பெண்கள் அதை முழுமையாக விளங்கிக்கொள்ள வேண்டும்.

இலங்கையில் மாடி வீட்டை விற்பதும் வாங்குவதும் 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க தொடர்மாடி உரிமைச் சட்டத்தின் கீழ் நடக்கிறது. அது பல தடவை திருத்தப்பட்டுள்ளது. அதன்படி உங்கள் வீட்டுப் பகுதி உங்களுக்குத் தனிச் சொந்தம். நிலம், படிக்கட்டு, லிஃப்ற், மொட்டைமாடி, தண்ணீர்த் தாங்கி முதலியவை பொதுப் பகுதிகள். அவற்றில் உங்களுக்கு ஒரு பங்கு உண்டு, அந்தப் பங்கை மட்டும் பிரித்து எடுக்கவோ விற்கவோ முடியாது. வீட்டுக்காரர் எல்லோரும் சேர்ந்த முகாமைத்துவக் கூட்டுத்தாபனம் பொதுப் பகுதிகளைப் பராமரிக்கும். அதற்கு மாதாமாதம் பராமரிப்புக் காசு கட்ட வேண்டும். வெள்ளையடிப்பு, லிஃப்ற் திருத்தம் என்று வந்தால் மேலதிகமாகவும் கேட்பார்கள். வளவில் கிணற்றுக்கட்டு இடிந்தால் அடுத்த போகம் பார்ப்போம் என்று விடலாம். அங்கே அப்படி விட முடியாது. "வாங்கின பிறகும் வாடகையோ?" என்று அக்கா கேட்டா. பிளட்டின் விலையைச் சொல்லும் பிள்ளைகள் இந்த மாதக் காசைச் சொல்ல மறந்துவிடுகிறார்கள்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கட்டடத்தின் மாடித் திட்டப்படம் முறையாக அத்தாட்சிப்படுத்தப்பட்டுக் காணிப் பதிவகத்தில் பதியப்பட்டிருந்தால்தான் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி உறுதி எழுதலாம். பதியாத கட்டடத்தில் முற்பணம் கட்டி, சாவியை மட்டும் வாங்கிக்கொண்டு, உறுதிக்காக ஆண்டுக்கணக்காக அலைபவர்கள் இருக்கிறார்கள். காசு கொடுக்க முன் கூட்டு ஆதன முகாமைத்துவ அதிகார சபையிலும் மாநகர சபையிலும் அந்தக் கட்டடம் பற்றி விசாரிக்க முடியும். பெரிய நிறுவனமோ, சொந்தக்காரரோ, யார் விற்றாலும் விசாரியுங்கள்.

மாடி வீடு எவ்வளவு தூரம் மின்சாரத்தில் தங்கி நிற்கிறது என்பதை 2022இல் எல்லோரும் கண்டார்கள். அந்தப் பங்குனி இறுதியில் ஒரு நாளில் 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. ஜெனரேற்றருக்கு டீசல் இல்லையென்றால் லிஃப்ற் நிற்கும், தண்ணீர் மேலே ஏறாது. காஸ் சிலிண்டருக்கு வீதியில் வரிசை. பக்கத்து வீட்டோடு சுவர் ஒட்டிய ஏழாம் மாடியில் விறகு மூட்ட இடம் ஏது? எமக்கும் அப்போது உரமில்லை, மண்ணெண்ணெய் இல்லை. கஷ்டம் குறைவென்று சொல்ல வரவில்லை. ஆனால் மூன்று கல்லும் கொஞ்சம் பனைமட்டையும் இருந்தால் பின்வளவில் கஞ்சி காய்ச்சலாம். அதேவேளை 2018 மார்கழி வெள்ளம் முரசுமோட்டை வளவுகளுக்குள் புகுந்ததையும் மறைக்கக் கூடாது. ஏழாம் மாடிக்கு இரணைமடு வராது.

கொழும்பின் மாடிகள் எல்லாம் விரும்பி வாங்கப்பட்டவை அல்ல. இதையும் எமது பெண்கள் தெரிந்திருப்பது நல்லது. பொரளைப் பக்கம், 'தோட்டங்கள்' என்று சொல்லப்படும் நெருக்கமான குடியிருப்புகளில் இருந்தவர்களுக்காக 2001இல் சஹஸ்புர என்ற 671 வீடுகள் கொண்ட மாடிக் கட்டடம் கட்டப்பட்டது. 2010இல் நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் வந்த பின் இந்த வேலை மிகப் பெரிதாக நடந்தது. நகரில் சுமார் 68,000 குடும்பங்கள் வசதி குறைந்த குடியிருப்புகளில், ஏறக்குறைய 900 ஏக்கரில் இருப்பதாக அரசு கணக்குச் சொன்னது. அவர்களை மேலே ஏற்றினால் கீழே நிலம் கிடைக்கும், அந்த நிலத்தை முதலீட்டாளருக்குக் கொடுக்கலாம் என்பதே திட்டத்தின் அடிப்படை. கொம்பனித்தெரு, வனாத்தமுல்லை, தெமட்டகொடை என்று பல இடத்துச் சனங்கள் மாடிகளுக்கு மாற்றப்பட்டார்கள். தோட்டத்தில் இரண்டு தட்டு வீடு கட்டி, மின்சாரம், தண்ணீர், வரிக் காகிதம் எல்லாம் வைத்திருந்தவருக்கும் கிடைத்தது 400 சதுர அடி அளவிலான வீடு. அதற்கும் பல வருடத் தவணை. கொம்பனித்தெருப் பக்கத்தில் பேர வாவியோரமாக இன்று 68 மாடிகளோடு அல்ரெயர் கோபுரம் சாய்ந்து நிற்கிறது. ஒரே நகரத்தில் ஒருவருக்கு மாடி கௌரவம், இன்னொருவருக்கு மாடி உத்தரவு.

பயிற்சிப் பட்டறை ஒன்றுக்காகக் கொழும்பு போயிருந்தபோது வனாத்தமுல்லைப் பக்கத்தில் தமிழ் பேசும் சகோதரி ஒருவரைச் சந்தித்தேன். முன்பு வீட்டு வாசலில் அப்பம் சுட்டு விற்றவர். "ஒன்பதாம் மாடிக்கு யார் வந்து அப்பம் வாங்குவா?" என்று கேட்டார். கீழே கடை போட அனுமதி இல்லை. ஆனால் அவர் எல்லாவற்றையும் குறை சொல்லவில்லை. தோட்டத்தில் பொதுக் கக்கூசுக்கு மகள் இரவில் போகும்போது தான் ரோர்ச்சோடு பின்னால் போவாராம். "இப்ப என் புள்ள உள்ளுக்கே போறா. அதுக்காக நான் இந்த மாடிய கும்பிடுறேன்" என்றார். முகாமில் வரிசையில் நின்ற எமக்கு அந்த வார்த்தையின் பெறுமதி தெரியும். பிறகு தாழ்ந்த குரலில் இன்னொன்றும் சொன்னார். "எங்கள யாரும் கேக்கல. ஃபோம கொண்டு வந்து கையெழுத்து போடச் சொன்னாங்க." எனக்கு மெனிக்பாம் நினைவுக்கு வந்தது. நாங்கள் தமிழர் என்பதால் மட்டும் இப்படி நடந்தது என்று நான் நினைத்திருந்த சில விடயங்கள், ஏழைகள் என்பதால் சிங்களவருக்கும் முஸ்லிம்களுக்கும் அந்த மாடிகளில் நடந்திருக்கின்றன.

ஆகவே, மாடி நல்லதா கூடாதா என்று என்னிடம் கேட்டால் என்னிடம் ஒரு சொல்லில் பதில் கிடையாது. முழங்கால் நோவும், கொழும்பில் மாதாந்தக் கிளினிக்கும் உள்ள தாய்க்கு லிஃப்ற்றும் பக்கத்தில் ஆஸ்பத்திரியும் உள்ள வீடு உதவிதான். நான் திருப்பிக் கேட்பது வேறு. காணி யாருடைய பெயரில் இருக்கிறது? புதிய உறுதி யாருடைய பெயரில் எழுதப்படும்? அக்காவின் விடயத்தில் காணி அவவின் பெயரில், தாய் கொடுத்த சீதனம். புதிய பிளட்டை மகன் தன் பெயரில் எழுத நினைத்திருந்தார். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. "அம்மாவுக்கு ஏன் பேப்பர் வேலை" என்ற நினைப்புத்தான். நாளை அவருக்குக் கடன் வந்தால், குடும்பத்தில் பிணக்கு வந்தால், அறுபது வயதில் அந்தத் தாய் யாருடைய வீட்டில் இருப்பா? தாயின் பெயரில் எழுதலாம், இருவர் பெயரிலும் எழுதலாம். அல்லது மகனுக்கு எழுதினாலும் தாய்க்குச் சீவிய உரித்து வைத்து எழுதலாம். இதைச் சொன்னபோது மகன் தொலைபேசியில் கொஞ்சம் முகம் சுழித்தது குரலிலேயே தெரிந்தது. அக்காதான், "நான் உன்ர பேரில சந்தேகப்படேல்லை தம்பி, என்ர கால் நிக்கிற இடத்தைக் கேக்கிறன்" என்றா. அதன்பின் வயலை விற்கும் கதையை அவ ஒரு போகத்துக்குத் தள்ளி வைத்துவிட்டா.

விற்பதற்கும் சட்டம் இருக்கிறது. காணி அனுமதிப்பத்திரக் காணி என்றால் உறுதிக்காணி போல நினைத்தபடி விற்க முடியாது. முதலில் பிரதேச செயலகத்தில் கேட்க வேண்டும். அந்தக் காணிகளின் பின்னுரித்தில் ஆண்பிள்ளைகளுக்கு முன்னுரிமை கொடுத்த பழைய ஒழுங்கு 2022ஆம் ஆண்டின் திருத்தச் சட்டத்தால் மாற்றப்பட்டிருக்கிறது. உங்கள் பெண்பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வையுங்கள். உறுதிக்காணி என்றால், தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் தன் சொந்தக் காணியை விற்கவும் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் கேட்கப்படும். கணவன் காணாமல் ஆக்கப்பட்ட எமது சகோதரிகள் இங்கேதான் சிக்கிக்கொள்கிறார்கள். சம்மதம் தர ஆள் இல்லை, மரணச் சான்றிதழ் எடுக்க மனம் இடம் தரவில்லை. 2016ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தின்படி காணக்கிடைக்காமைச் சான்றிதழ் பெறலாம். ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு காணி எழுதலாம் என்று தரகர் சொன்னால் நம்பிக் கையெழுத்து வைக்க வேண்டாம். கணவனின் சம்மதத்துக்குப் பதிலாக மாவட்ட நீதிமன்றத்தின் அனுமதியை மனுச் செய்து பெற வழி உண்டு. இதற்குக் காசு கொடுத்துச் சட்டத்தரணி பிடிக்க முடியாதவர்கள் கிளிநொச்சியிலுள்ள சட்ட உதவி ஆணைக்குழு அலுவலகத்துக்குப் போகலாம். போகும்போது உறுதி அல்லது அனுமதிப்பத்திரம், விவாகப் பதிவு, அடையாள அட்டை மூன்றையும் கொண்டு செல்லுங்கள். இடம்பெயர்வில் உறுதி தொலைந்திருந்தாலும் பயப்பட வேண்டாம். காணிப் பதிவகத்தில் அதன் பதிவைத் தேடிப் பார்க்க முடியும். காணியின் பெயரும் எல்லையும் நினைவிருந்தால் எழுதிக்கொண்டு போங்கள்.