மண்ணூர்பேட்டை ஏரிக்கரை: ராடு வாங்கும் முன் தண்ணீரைப் பாருங்கள்!

சென்னையிலிருந்து திருவள்ளூர் செல்லும் சாலையில், பாடியைத் தாண்டியதும் வருகிறது மண்ணூர்பேட்டை. ஒரு பக்கம், தேவாரப் பாடல் பெற்ற திருவலிதாயம் கோயில் இருக்கும் பாடி. மறுபக்கம், 1964-ல் தொடங்கப்பட்ட அம்பத்தூர் தொழிற்பேட்டை. நடுவில் லேத் பட்டறை, பிரஸ் ஷாப், டீக்கடை, ஷேர் ஆட்டோ என்று எந்நேரமும் சத்தமாக இருக்கும் ஊர். இன்று ஷெட்டுகள் நிற்கும் இந்தப் பக்கத்து நிலங்களில் ஒரு காலத்தில் ஏரித் தண்ணீர் பாய்ந்து நெல் விளைந்தது.

வயல் போய்விட்டது, ஏரிகள் இன்னும் இருக்கின்றன. ரயில் பாதையைத் தாண்டி வடக்கே போனால் கொரட்டூர் ஏரி. பரப்பு சுமார் 990 ஏக்கர். அம்பத்தூர் ஏரி நிரம்பினால் உபரி நீர் கொரட்டூர் ஏரிக்கு வரும். இவற்றோடு மாதவரம் ரெட்டேரியும் சேர்ந்து ஒரே சங்கிலித் தொடர். மேல் ஏரியில் எது கலந்தாலும் கீழ் ஏரிக்கு வந்து சேரும் என்பதை மட்டும் இப்போதைக்கு நினைவில் வைத்துக்கொண்டால் போதும்.

தொழிற்பேட்டை ஓய்ந்திருக்கும் ஞாயிற்றுக்கிழமைகளில், இந்தப் பக்கத்து ஏரிக்கரைகளில் ராடும் ரீலுமாக இளைஞர்களைப் பார்க்கலாம். இவர்களில் சிலர் செங்குன்றம், பெரியபாளையம், திருவள்ளூர் பக்கத்துக் கிராமத்து ஏரிகளுக்கும் வருகிறார்கள். இவர்களைப் பார்த்துக் கிராமத்துப் பிள்ளைகளுக்கும் ஆசை வருகிறது. 'எந்த ராடு வாங்கலாம், எந்த ரப்பர் தவளை நல்லது?' என்பதுதான் முதல் கேள்வி. அதற்குப் பதில் கடையில் இல்லை, தண்ணீரில் இருக்கிறது.

அமெரிக்க பாஸும் நம் ஊர் விராலும்

கடைகளில் தொங்கும் பொய் இரைகளில் பெரும்பாலானவற்றின் அட்டையில் 'பாஸ்' என்று போட்டிருக்கும். அது அமெரிக்க நன்னீர் மீன். நம் ஏரிகளில் அது கிடையாது. ஆனால், அதே குணமுள்ள மீன் ஒன்று உண்டு. அதுதான் விரால். பாஸ் போலவே இதுவும் செடி கொடிக்குள் அசையாமல் பதுங்கி இருந்து, மேலே போகும் தவளையையும் குஞ்சு மீனையும் ஒரே பாய்ச்சலில் கவ்வும். அதனால்தான் பாஸுக்குச் செய்த ரப்பர் தவளை விராலுக்கும் பலிக்கிறது.

குணம் ஒன்றாக இருக்கிறதே என்று மீனையே கொண்டுவந்து விடக் கூடாது. ஜப்பானில் 1925-ல் ஆஷி ஏரியில் பாஸ் மீனை விட்டார்கள். அது நாடு முழுக்கப் பரவி, உள்ளூர் மீன்களைத் தின்று தீர்த்தது. 2005-ல் அமலுக்கு வந்த சட்டத்தால் அந்த மீனை வளர்ப்பதையும் உயிரோடு கொண்டுபோவதையும் தடுக்க வேண்டியதாயிற்று. நம் ஊரிலும் 1952-ல் மண்டபத்துக்கு வந்த ஜிலேபிக் கெண்டை இன்று எந்த ஏரியில் இல்லை? ஆப்பிரிக்கக் கெளுத்திக்குத் தடை இருந்தும், திருட்டுத்தனமாக வளர்த்த குட்டைகளிலிருந்து ஏரிகளுக்குள் புகுந்துவிட்டது.

ஏரிக்கரைத் தூண்டில் இந்த மாகாணத்துக்குப் புதிதும் அல்ல. மெட்ராஸ் சிவில் சர்வீஸ் அதிகாரி ஹென்றி சல்லிவன் தாமஸ், 1873-ல் இந்தியத் தூண்டில் மீன்பிடிப்பு பற்றி ஒரு நூல் எழுதினார். பிறகு 1887-ல் ஏரி, குளத் தூண்டிலுக்கென்றே தனி நூல் கொண்டுவந்தார்.

எந்த மீனுக்கு எது?

ஜிலேபி, கெண்டை: இதற்கு ராடும் ரீலும் தேவையே இல்லை. 10 அடி மூங்கில் கழி, மெல்லிய நைலான் நரம்பு, சின்ன முள், மயில் இறகுத் தண்டில் ஒரு தக்கை, மண்புழு அல்லது மைதா உருண்டை. பள்ளிப் பிள்ளைகள் இதிலிருந்து தொடங்குவதுதான் நல்லது. தக்கை அசைவதைப் பார்த்துப் பார்த்துத்தான் மீன் எப்படிக் கடிக்கிறது என்று புரியும்.

கெளுத்தி: அடித்தரையில் மேயும் மீன். இரை தரையில் கிடக்க வேண்டும். மண்புழு, கோழிக்குடல் போதும். எடைக்கு ஈயக்குண்டு கட்டுவது வழக்கம். ஈயம் நீர்ப்பறவைகளுக்கு விஷம். இரைப்பைக்குக் கல் பொறுக்கும் வாத்து, அறுந்து கிடக்கும் குண்டையும் சேர்த்து விழுங்கிவிடும். மண்ணூர்பேட்டைப் பட்டறை வாசலில் கழித்துப் போட்ட இரும்பு நட்டு இரண்டைக் கோத்தால் அதே வேலை நடக்கும்.

விரால்: 6½ முதல் 7 அடி ராடு, நல்ல விறைப்பு உள்ளதாக. ரீல் 3000 எண் போதும். நைலான் நரம்பு வேண்டாம். 30 முதல் 50 பவுண்டு தாங்கும் பின்னல் நூல் வேண்டும். காரணம் மீனின் எடை அல்ல, ஆகாயத்தாமரை. கடித்த விரால் உடனே வேருக்குள் புகுந்துகொள்ளும். அங்கிருந்து செடியோடு சேர்த்து இழுக்க வேண்டியிருக்கும். நூல் மெலிதாக இருந்தால் அறுந்து, வாயில் முள்ளோடு மீன் போய்விடும்.

இரைக்கு, உள்ளே வெற்றிடமாக இருக்கும் ரப்பர் தவளை. இரண்டு முள்ளும் முதுகோடு ஒட்டி மேல்நோக்கி இருப்பதால் செடியில் மாட்டாது. மீன் கவ்வும்போது ரப்பர் அமுங்கி முள் வெளியே வரும். இதில் ஒரு சூட்சுமம்: தண்ணீர் சிதறியதும் இழுக்கக் கூடாது. மனதுக்குள் ஒன்று, இரண்டு எண்ணிவிட்டு, நூலில் கனம் தெரிந்த பிறகே இழுக்க வேண்டும். கலங்கல் தண்ணீரில் கறுப்பு அல்லது வெள்ளைத் தவளை. தெளிந்த தண்ணீரில் பச்சை, பழுப்பு. காலை வெயில் ஏறும் முன்பும், மாலை மங்கும் நேரமும் நல்ல வேளை.

உயிருள்ள தவளையை முள்ளில் குத்திப் போடும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. அதை விட்டுவிட வேண்டும். வயலில் பூச்சியைத் தின்று சம்பளம் இல்லாமல் வேலை செய்யும் ஆள் தவளை. அதற்காகத்தான் 1987-ல் மத்திய அரசு தவளைக்கால் ஏற்றுமதியையே நிறுத்தியது.

செடி இல்லாத திறந்த தண்ணீரில் ஸ்பூன் என்னும் தகட்டு இரை போடலாம். அமெரிக்காவில் ஜூலியோ புயெல் என்பவர் சாப்பாட்டு ஸ்பூன் தண்ணீரில் விழுந்தபோது மீன் பாய்ந்ததைப் பார்த்து, காம்பை வெட்டி முள் கட்டினார் என்பது கதை. 1852-ல் காப்புரிமையும் வாங்கினார். பழைய எவர்சில்வர் ஸ்பூனைக் காம்பு நறுக்கி, இரண்டு முனையிலும் துளை போட்டு வளையம் மாட்டினால் ஆயிற்று. பட்டறையில் அரை மணி நேர வேலை.

கொடுவா: உண்மையில் பாஸுக்குப் பெயரிலும் பக்கத்தில் வருவது இதுதான், ஆசியக் கடல் பாஸ் என்பார்கள். உப்பும் நல்லதும் கலக்கும் பழவேற்காடு, முட்டுக்காடு போன்ற இடங்களில் கிடைக்கும். மீன் வடிவில் நாக்கு வைத்த பொய் இரை இதற்குப் பொருத்தம். பின்லாந்து மீனவர் லௌரி ராபாலா 1936-ல் தக்கை மரத்தைச் செதுக்கிச் செய்த இரையின் வழிவந்தது அது. அடிபட்ட மீன் போலத் தள்ளாடி நீந்தும். கொடுவாவின் செவுள் மூடி கத்தி போல் வெட்டும் என்பதால், நூலின் நுனியில் ஒரு முழம் தடித்த நைலான் நரம்பு முடிய வேண்டும். இந்த மீன் முதலில் ஆணாக வளர்ந்து பிறகு பெண்ணாக மாறுவது. ஆகவே, பெரிய மீன் பெரும்பாலும் முட்டை வைக்கும் மீன். பழவேற்காட்டில் எந்த இடத்தில் யார் எந்த நாளில் வலை விடலாம் என்பதற்கு மீனவ கிராமங்களின் 'பாடு' முறை இருக்கிறது. அவர்களைக் கேட்காமல் அங்கே தூண்டில் போடக் கூடாது.

மீன் இருந்தால் தண்ணீர் நல்லதா?

'மீனே துள்ளுது, தண்ணி நல்லாத்தானே இருக்கு' என்று ஏரிக்கரையில் சொல்வார்கள். மண்ணூர்பேட்டைப் பக்கத்து ஏரிகளில் இந்தப் பேச்சை நம்பினால் ஆபத்து.

கட்லா, ரோகு, மிர்கால் ஆகியவை தண்ணீரில் கரைந்த ஆக்சிஜனை நம்பி வாழ்பவை. அது குறைந்தால் விடியற்காலையில் மேலே வந்து வாயைப் பிளக்கும். பிறகு செத்து மிதக்கும். விரால், குறவை, கெளுத்தி, பனையேறிக் கெண்டை அப்படியல்ல. மேலே வந்து காற்றையே மூச்சாக இழுத்துக்கொள்ளும். ஜிலேபியும் கெட்ட தண்ணீரைத் தாங்கும். சாக்கடை கலந்தால் உரச்சத்து கூடி ஆகாயத்தாமரை மண்டும், ஆக்சிஜன் குறையும், கெண்டை இனங்கள் அழியும், விராலும் கெளுத்தியும் நிற்கும். அதாவது, ஓர் ஏரியில் ரப்பர் தவளைக்கு மட்டும்தான் மீன் கிடைக்கிறது என்றால், அது தண்ணீர் கெட்டுவிட்டதற்கான அடையாளமாகவும் இருக்கலாம்.

கொரட்டூர் ஏரியில் சாக்கடையும் ஆலைக் கழிவும் கலப்பது பற்றி ஊர் மக்கள் பல ஆண்டுகளாகப் போராடி, வழக்கு தேசிய பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது. ஆலைக் கழிவில் வரக்கூடிய ஈயம், காட்மியம், குரோமியம் போன்ற கன உலோகங்கள் மீனின் உடம்பில் தங்கும். மஞ்சள் போட்டுக் கழுவினாலும், புளி ஊற்றிக் கொதிக்க வைத்தாலும் போகாது. மற்ற மீனைத் தின்று வளரும் விராலில் சில நச்சுகள் இன்னும் கூடுதலாகச் சேரும். உடம்புக்கு வலு என்று பிரசவித்த பெண்ணுக்கும் நோயாளிக்கும் விரால் குழம்பு வைத்துக் கொடுப்பது நம் வழக்கம். அந்த விரால் எந்தத் தண்ணீரில் வளர்ந்தது என்று கேட்டுவிட்டுத்தான் வாங்க வேண்டும்.

ஆகவே, தொழிற்பேட்டை ஏரிகளில் தூண்டில் போடுகிறவர்கள் பிடித்த மீனைத் திருப்பி விடும் நோக்கத்தோடுதான் போட வேண்டும். கருவியையும் அதற்கேற்பத் தேர்வு செய்ய வேண்டும். மூன்று கொக்கி முள் வேண்டாம், ஒற்றை முள் போதும். முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறடால் அமுக்கிவிட்டால் வாய் கிழியாமல் கழன்று வரும். கையை நனைத்துக்கொண்டே மீனைத் தொட வேண்டும். காய்ந்த கை பட்டால் மேல் வழுவழுப்பு போய்ப் புண் பிடிக்கும்.

குஞ்சு கட்டிய விராலை விட்டுவிடுங்கள்

மழைக்காலத்தில் ஏரி ஓரத்தில் செம்மஞ்சள் நிறத்தில் கொத்துக் கொத்தாகக் குஞ்சுகள் மேலே வந்து வந்து போகும். அடியில் பெற்ற மீன் காவல் நிற்கும். அந்தக் கொத்தின் மேல் தவளையை வீசினால் கட்டாயம் கடிக்கும். அது பசிக்குக் கடிப்பதல்ல. பிள்ளையைக் காக்கக் கடிப்பது. அந்த மீனைத் தூக்கிவிட்டால், சற்று நேரத்தில் ஜிலேபியும் மற்ற மீன்களும் குஞ்சுகளைக் காலி செய்துவிடும். ஒரு குழம்புக்காக ஓர் ஏரியின் அடுத்த வருட விராலை அழிப்பது இது. வெளியூர்க்காரர் செய்தாலும் ஊர்க்காரர் தடுக்கலாம்.

பண்ணைக்குட்டை வைத்திருப்பவர்களுக்கு

கெண்டைக் குஞ்சு விடும் குட்டையில் விரால் இருந்தால் போட்ட காசு போச்சு. வலை இழுத்தால் சேற்றில் புதைந்துகொள்ளும். குட்டையை வற்றவைக்க முடியாதவர்கள், குஞ்சு விடுவதற்கு மூன்று வாரம் முன்பு இலுப்பைப் புண்ணாக்கு போடுவது பரிந்துரை. 1 மீட்டர் ஆழத் தண்ணீருக்கு ஹெக்டேருக்கு 2,500 கிலோ. ஒரு ஏக்கருக்குச் சுமார் 1,000 கிலோ. 5 சென்ட் குட்டைக்கு 50 கிலோ. குஞ்சு விட்ட பிறகு ஓரிரு விரால் தெரிந்தால் புண்ணாக்கு போட முடியாது. அப்போது கைகொடுப்பது ரப்பர் தவளைதான். சுத்தமான குட்டை என்பதால் அந்த விராலைத் தாராளமாகக் குழம்பு வைக்கலாம்.

கரையில் எதையும் விட்டு வராதீர்கள்

பெரும்பாலான ஏரிகளில் மீன் உரிமை குத்தகையில் இருக்கும். குத்தகைதாரரையோ மீனவர் கூட்டுறவு சங்கத்தையோ கேட்டுவிட்டே தூண்டில் போட வேண்டும். புழல், செம்பரம்பாக்கம் போன்ற குடிநீர் ஏரிகளில் அனுமதி இல்லாமல் இறங்கவே கூடாது.

அறுந்த நூலையும் முள்ளையும் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு வர வேண்டும். பின்னல் நூல் மட்காது. கொக்கின் காலில் சுற்றினால் அது பறக்காது. புல் மேயும் மாடு முள்ளை விழுங்கினால் இரைப்பையைக் குத்தி, தீனி எடுக்காமல் நின்றுவிடும். அறுவை சிகிச்சை வரை போகலாம். உங்கள் ஊர் ஏரிக்கு ராடோடு யார் வந்தாலும், 'எத்தனை முள் கொண்டுவந்தீர்கள், எத்தனை திரும்பக் கொண்டுபோகிறீர்கள்?' என்று கேளுங்கள். நல்ல தூண்டில்காரர் கோபித்துக்கொள்ள மாட்டார், எண்ணிக் காட்டுவார்.