விரலைத் தூக்குமுன்

ஞாயிற்றுக்கிழமைகளில் நான் பேட்டைக் கிரிக்கெட் பந்தயங்களுக்கு அம்பயர். சம்பளம் ஒரு டம்ளர் காப்பி! "இதற்கா இத்தனை இஸ்திரி?" என்று என் மனைவி கேலி செய்வாள். நீங்களும் சிரிக்காதீர்கள், கதையைக் கேளுங்கள்.

ஒரு சமயம், மட்டை காலிலுள்ள 'பேடி'ல் உரசிய சத்தத்தை, பந்து மட்டையில் பட்ட சத்தமென்று எண்ணி, ஒரு பையனுக்கு 'காட்ச் அவுட்' கொடுத்துவிட்டேன். மறு கணமே சந்தேகம். முடிவை உடனே மாற்றிக்கொள்ள 2-வது விதி இடம் கொடுக்கிறது. என் கௌரவம் இடம் கொடுக்கவில்லை! பையன் பேசாமல் நடந்தான்.

அன்றிரவு 42 விதிகளையும் மறுபடி படித்தேன். அடுத்த வாரம் அவனைத் தேடிப் போய், "தப்பு என்னுடையது, தம்பி" என்றேன்.

"தெரியும், ஸார்" என்றான்.

இப்போதெல்லாம் விரலைத் தூக்குமுன் மனத்துக்குள் மூன்று எண்ணுகிறேன். என் சம்பளம் வெறும் காப்பியாக இருக்கலாம். அவன் விக்கெட் நிஜமாயிற்றே!