நிலவறையில் ஒரு தலைவலி



பாளையங்கோட்டையில் பிறந்து வளர்ந்த எனக்கு, வீட்டைச் சூடாக்குவதற்கென்று ஓர் இயந்திரம் உண்டு என்பதே முப்பத்தைந்து வயதுவரை தெரியாது. எங்கள் ஊரில் வீட்டைக் குளிர்விக்கத்தான் எல்லாரும் பாடுபடுவர். ஸ்காபரோவில் வீடு வாங்கிய பின்னும், நிலவறையின் மூலையில் நின்ற அந்தச் சாம்பல் நிற ஃபர்னஸை நான் நெருங்கிப் பார்த்ததில்லை. அக்டோபரில் தெர்மோஸ்டாட்டின் பொத்தானை அழுத்துவேன். முதலில் சற்றுநேரம் தூசு கருகும் வாசனை வரும். பிறகு வீடு சூடாகும். குளிர்காலத்துக்கு நான் செய்த ஆயத்தம் அவ்வளவே. இவ்வாரம் எழுதப்போவது எனக்குப் பெருமை தரும் காரியமன்று. ஆயினும், உங்களில் பலருடைய வீடுகளிலும் அதே பெட்டி நிற்பதால் எழுதாதிருக்கக் கூடவில்லை.

எங்கள் நிலவறையில் தஞ்சாவூரிலிருந்து படிக்க வந்த தம்பி ஒருவர் வாடகைக்குத் தங்கியிருக்கிறார். சென்ற ஆண்டு இதே நாட்களில், ஃபர்னஸ் ஓடத் தொடங்கிய சில நாட்களுக்குள், "அங்கிள், தூங்கி எந்திரிச்சா தலை வலிக்குது, குமட்டிட்டு வருது" என்றார். குளிர் இன்னும் பழகவில்லை, இரவு வேலை வேறு என்று நானே காரணம் கற்பித்துக்கொண்டேன். மாத்திரை கொடுத்தேன். தலைமேல் கைவைத்து ஜெபித்தேன். மறுநாளும் அப்படியே செய்தேன்.

ஞாயிறு ஆராதனை முடிந்து தேநீர் அருந்துகையில், அவருக்காக ஜெபித்துக்கொள்ளும்படி எங்கள் மூப்பர் ஒருவரிடம் சொன்னேன். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, முப்பது ஆண்டுகள் ஃபர்னஸ் பழுதுபார்த்து ஓய்வுபெற்றவர் அவர்.

"வெளியில போனா அந்தத் தலையிடி விட்டிடுமோ, போதகர் ஐயா?"

"ஆமாம், வகுப்புக்குப் போனால் சரியாகிவிடுகிறதாம்."

"காய்ச்சல்?"

"இல்லை."

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "தம்பி இப்ப எங்க?"

"வேலை முடிந்து வந்து தூங்குகிறார்."

"உடன ஃபோன் எடுத்து வெளியில வரச் சொல்லுங்கோ. நான் 911-க்கு எடுக்கிறன்."

மூன்றாம் அழைப்பில்தான் அவர் பேசினார். முதல் இரண்டு அழைப்புகள் எடுக்கப்படாமல் ஒலித்து ஓய்ந்தபோது நான் என்ன ஜெபித்தேன் என்பது எனக்கு நினைவில்லை.

தீயணைப்புத் துறையினர் கருவியுடன் இறங்கி அளந்து பார்த்து, எரிவாயுவை நிறுத்தினர். கார்பன் மோனாக்சைடு. மருத்துவமனையில் அவருக்கு ஆக்சிஜன் கொடுத்து, மாலையில் அனுப்பிவைத்தார்கள். மறுநாள் வந்த தொழில்நுட்பர் ஃபர்னஸின்மேல் சிவப்பு அட்டையைக் கட்டிவிட்டு, என்னை அருகே அழைத்துக் காட்டினார். ஃபர்னஸுக்குள் இரண்டு காற்றுகள் ஓடுகின்றன. ஒன்று நாம் சுவாசிக்கும் வீட்டுக் காற்று. அது வடிகட்டி வழியே உள்ளே போய், சூடான உலோகச் சுவரின் வெளிப்புறத்தைத் தழுவி அறைகளுக்குத் திரும்புகிறது. மற்றொன்று எரிவாயு எரிந்த புகை. அது அச்சுவரின் உட்புறமாகச் சென்று குழாய் வழியே வெளியேறுகிறது. இவ்விரண்டும் எவ்விடத்திலும் கலக்கலாகாது. எங்கள் வீட்டிலோ, புகைபோக்கிக்குச் செல்லும் தகரக் குழாய் சுவரை ஒட்டிய பக்கத்தில் துருப்பிடித்து, இணைப்பு விட்டுப் போயிருந்தது. முன்னே நின்று பார்த்தால் தெரியாது. பின்னே எட்டிப் பார்க்க வேண்டும். எவரும் பார்க்கவில்லை, இரண்டு ஆண்டுகளாக, ஆண்டுதோறும் செய்யவேண்டிய பரிசோதனையைச் செலவு கருதித் தள்ளிப்போட்டவன் நான்தான். வடிகட்டியோ ஒரு கம்பளியைப்போல் தடித்திருந்தது.

எரிவாயு கசிந்தால் மூக்கு அறியும். அதற்கென்றே அதில் நாற்றம் சேர்க்கிறார்கள். இந்த வாயுவுக்கோ நிறமும் இல்லை, மணமும் இல்லை. நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேலாக இதனை இறுகப் பற்றிக்கொள்கிறது. உறங்குகிறவன் உறங்கிக்கொண்டே இருப்பான்.

அபாயமணி இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. அதுதான் சொல்லக் கடினமான பகுதி. முந்தைய ஆண்டு ஒரு சனிக்கிழமை இரவு, பிரசங்கத்துக்கு ஆயத்தம் செய்துகொண்டிருந்தபோது, அது கீழே நிமிடத்துக்கொருமுறை 'கீச்' என்று கத்தியது. எரிச்சலோடு இறங்கிச்சென்று கழற்றி, மின்கலத்தை உருவி, சமையலறை இழுப்பறையில் போட்டேன். அதன் ஆயுட்காலம் முடிந்ததை அது அப்படித்தான் அறிவித்திருக்கிறது. பின்புறத்தில் தேதியே அச்சிடப்பட்டிருந்தது.

2008 டிசம்பரில் இதே ஒன்ராறியோவின் உட்ஸ்டாக் நகரில், காவலர் லாரி ஹாக்கின்ஸ், அவர் கணவர் ரிச்சர்ட், பிள்ளைகள் கசாண்ட்ரா, ஜோர்டன் ஆகிய நால்வரும் இந்த வாயுவால் இறந்தனர். எரிவாயுக் கணப்பின் புகைவழி அடைபட்டிருந்தது. வீட்டில் அபாயமணி இல்லை. லாரியின் மாமாவும் ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரருமான ஜான் கிக்னாக் ஆண்டுக்கணக்கில் போராடியதன் பயனாக 2013-இல் அவர்கள் பெயரால் சட்டம் பிறந்தது. 2014 அக்டோபர் 15 முதல், எரிபொருளால் இயங்கும் சாதனம் உள்ள வீடுகளில் படுக்கையறைகளுக்கு அருகே அபாயமணி இருப்பது கட்டாயம். அந்தச் சட்டத்தைத்தான் நான் இழுப்பறைக்குள் போட்டு மூடியிருந்தேன்.

குழாய் மாற்றப்படும்வரை சபையார் கொடுத்த மின்கணப்புகளால் குளிரைத் தாங்கினோம். அந்தத் தம்பி என்மேல் கோபம் கொள்ளவில்லை. கொண்டிருந்தால் எனக்குச் சற்று எளிதாயிருந்திருக்கும்.

இவ்வாண்டு செப்டம்பரிலேயே தொழில்நுட்பரை அழைத்துவிட்டேன். வடிகட்டியை நானே மாற்றுகிறேன்; எங்களுடையது 16-க்கு 25-க்கு 1 அங்குலம். விளிம்பில் உள்ள அம்புக்குறி ஃபர்னஸை நோக்கியிருக்க வேண்டும். மாற்றிய தேதியை அதன்மேல் எழுதுகிறேன்; தம்பி கைவிளக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பார். புதிய ஃபர்னஸ் வைத்திருப்பவர்கள், பக்கச்சுவர் வழியே வெளிவரும் வெள்ளைக் குழாய்களைப் பனியும் சருகும் மூடாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். பனி தள்ளும்போது பாதையோடு அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

வீட்டிலுள்ள ஒவ்வோர் அபாயமணியையும் இன்றிரவு திருப்பி, தேதியைப் பாருங்கள். ஏணியில் ஏற இயலாத முதியோரும், தனித்திருக்கும் சகோதரிகளும் எனக்கு ஒரு வார்த்தை சொன்னால் போதும். வரும் சனிக்கிழமை காலை பத்து மணியிலிருந்து மூப்பரும் நானும் ஏணியோடு வருவோம். தேநீர் வேண்டாம். நிலவறை விளக்கை மட்டும் போட்டு வையுங்கள்.