சிரிக்க வைத்த உஸ்தாத்

மதரஸாவில் அரபு இலக்கணம் கற்பிப்பவனுக்கு நகைச்சுவை நடிகரைப் பற்றி என்ன எழுத்து வேண்டிக்கிடக்கிறது என்று சிலர் எண்ணலாம். காரணம் உண்டு. அரபு மொழி கற்பித்துப் பிழைக்கும் ஓர் ஏழை ஆசிரியரின் வாழ்வை இழிவுபடுத்தாமல் நடித்துக் காட்டி, முதலில் சிரிக்கவும் பிறகு கண்கலங்கவும் வைத்த கலைஞர் ஒருவர் எகிப்தில் வாழ்ந்தார். நஜீப் அர்ரைஹானி என்பது அவர் பெயர்.

கெய்ரோ நகரின் பாபுஷ் ஷஃரிய்யா பகுதியில் 1889 ஆம் ஆண்டு பிறந்தவர் அவர். தந்தை ஈராக்கின் மோசுல் நகரத்து வழிவந்த கிறிஸ்தவர். தாய் எகிப்தின் கிப்தி இனத்துப் பெண்மணி. பிரெஞ்சுப் பாதிரிமார்கள் நடத்திய பள்ளியில் படித்தார். வேளாண்மை வங்கியில் எழுத்தராகவும், பின்னர் தென் எகிப்தில் ஒரு சர்க்கரை நிறுவனத்திலும் பணிபுரிந்தார். ஆனால் உள்ளமோ நாடக மேடையையே நாடியது. அதிலும் அவர் விரும்பியது சோக நாடகங்களைத்தான். மக்களோ அவரைக் கண்டு சிரிக்கவே விரும்பினார்கள்!

1916 ஆம் ஆண்டு, முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த வேளையில், 'கிஷ்கிஷ் பே' என்னும் பாத்திரத்தை அவர் படைத்தார். கிஷ்கிஷ் ஒரு கிராமத்துத் தலைவர். பருத்தி விற்ற பணத்தை மடியில் கட்டிக்கொண்டு கெய்ரோவுக்கு வருவார். கேளிக்கை விடுதிகளில் அத்தனையையும் இழப்பார். வெறுங்கையோடு ஊர் திரும்பித் தவ்பாச் செய்வார். அடுத்த நாடகத்தில் மீண்டும் அதே கதைதான். சபுர் சென்று சேர்த்த பொருளைச் சில மாதங்களில் கரைத்துவிட்டு நிற்கும் மனிதரை அறிந்த நமக்குக் கிஷ்கிஷ் பே அந்நியரல்லர்.

கெய்ரோவின் இமாதுத்தீன் தெருவில் கூட்டம் அலைமோதியது. அதே தெருவில் அலீ அல்கஸ்ஸார் என்னும் மற்றொரு நடிகர் நூபிய நாட்டுப் பணியாளர் வேடமிட்டுப் போட்டிக்கு நின்றார். இந்த நாடகங்கள் தரம் தாழ்ந்தவை, ஒழுக்கத்தைக் கெடுப்பவை என்று கற்றோர் பலர் கண்டித்தனர். அக்கண்டனம் முற்றிலும் பொய்யென்று நான் சொல்லமாட்டேன். ஆடலும் பாடலுமே மிகுந்திருந்த காலம் அது. அவரை அந்நிலையிலிருந்து உயர்த்தியதில் ஒரு நட்புக்குப் பெரும் பங்குண்டு.

1918 ஆம் ஆண்டளவில் பதீஉ கைரீ என்பவர் அவரோடு இணைந்தார். ஆசிரியப் பயிற்சி பெற்றுப் பள்ளியில் கற்பித்தவர், கவிஞர். இசைமேதை சையித் தர்வீஷும் உடன் சேர்ந்தார். 1919 ஆம் ஆண்டு ஆங்கிலேயருக்கு எதிராக எகிப்து கொதித்தெழுந்தபோது, இம்மூவரின் மேடைப் பாடல்கள் தெருவெங்கும் ஒலித்தன. போர்க்காலத்தில் கூலிப்படையாகக் கொண்டு செல்லப்பட்ட ஏழை உழவர்களின் ஏக்கம் அப்பாடல்களில் இடம்பெற்றது. கேளிக்கைக்கென எழுந்த மேடை, மக்களின் குரலாக மாறிற்று.

இந்த இருவரின் நட்பைப் பற்றி எகிப்தியர்கள் சொல்லும் நிகழ்ச்சி ஒன்றுண்டு. பதீஉ கைரீயின் வீட்டில் ஒரு மரணம் நேர்ந்தது. துக்கம் விசாரிக்கச் சென்ற ரைஹானி அங்கே குர்ஆன் ஓதப்படுவதைக் கேட்டுத் திகைத்தாராம். பல்லாண்டுகள் ஒன்றாக எழுதிய தம் நண்பர் ஒரு முஸ்லிம் என்பதை அன்றுதான் அவர் அறிந்தாராம்! அதுவரை இவர் கேட்கவுமில்லை, அவர் சொல்லவுமில்லை. ஒரு முஸ்லிம், ஒரு கிறிஸ்தவர், ஒரு யூதர் ஆகிய மூவர் கூட்டாக வாணிபம் நடத்தும் 'ஹஸன், மர்கஸ், கோஹன்' என்னும் நாடகம் இந்த இருவரின் படைப்பே. அது 1954 ஆம் ஆண்டு திரைப்படமாகவும் வந்தது.

1931 ஆம் ஆண்டு, பிரெஞ்சு நாடகாசிரியர் மார்செல் பாஞோலின் 'தொப்பாஸ்' நாடகத்தைத் தழுவி 'எகிப்திய பவுன்' என்னும் நாடகத்தை அரங்கேற்றினார்கள். நேர்மையான பள்ளி ஆசிரியர் வேலையை இழக்கிறார். ஊழல்காரர்களின் கையில் சிக்குகிறார். பணம் சேரச் சேர ஊரார் அவரை மதிக்கத் தொடங்குகிறார்கள். கசப்பான உண்மை! மக்கள் அதனை ஏற்கவில்லை, நாடகம் தோற்றது. ஆனால் அந்த ஆசிரியர் ரைஹானியை விட்டுப் போகவில்லை.

1937 ஆம் ஆண்டு வெளிவந்த 'ஸலாமா ஃபீ கைர்' படத்தில் அவர் ஒரு துணிக்கடைச் சிப்பந்தி. முதலாளி கொடுத்த பெரும்பணத்தை வங்கியில் கட்டச் செல்கிறார், வங்கி மூடியிருக்கிறது. அந்த அமானிதத்தைக் காப்பதற்காக ஓர் ஏழை படும் பாடுதான் படம் முழுதும் நம்மைச் சிரிக்க வைக்கிறது. சிரிப்பினூடே அமானிதத்தின் கனம் நெஞ்சில் பதிந்துவிடுகிறது.

அவருடைய கடைசிப் படம் 'கஸலுல் பனாத்'. அதில் அவர் உஸ்தாத் ஹமாம். பள்ளிக்கூடத்திலிருந்து நீக்கப்பட்ட அரபு ஆசிரியர். பாஷாவின் மகளுக்குப் பாடம் சொல்ல மாளிகைக்குச் செல்கிறார். எதிரே நல்லுடை தரித்து வரும் பணியாளர் ஒவ்வொருவரையும் பாஷா என்றெண்ணிப் பணிந்து ஸலாம் சொல்கிறார். அவர்களுள் ஒருவர் நாயைப் பராமரிக்க அமர்த்தப்பட்டவர்! தோட்ட வேலை செய்துகொண்டிருந்த உண்மையான பாஷாவையோ தோட்டக்காரர் என்றெண்ணி அதட்டுகிறார்.

எகிப்தியப் பேச்சுவழக்கைப் பழகுவதற்காக இப்படத்தைப் பார்த்த நான், அக்காட்சியில் சிரித்து முடித்தபின் நெடுநேரம் பேசாதிருந்தேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திருமண விருந்தில் முதல் சஹனில் அமர்ந்திருந்த என்னை, "உஸ்தாது, கொஞ்சம் அடுத்த சஹனுக்கு வாங்களேன்" என்று வீட்டார் இனிமையாகவே எழுப்பினார்கள். அங்கே அமர வந்தவரின் சட்டை என் சட்டையைவிட விலை கூடியது. என்னிடம் அலிஃப் கற்றுக்கொண்டவர்தான் அவர். எவரும் என்னை அவமதிக்க நினைக்கவில்லை. அதுதான் என்னை வருத்தியது. ஹமாமின் மங்கிய மேலங்கியில் நான் கண்டது என் போன்றோரின் நிலையைத்தான்.

அப்படம் திரைக்கு வருமுன்பே, 1949 ஆம் ஆண்டு, டைஃபஸ் காய்ச்சலால் ரைஹானி காலமானார்.

பிறரை ஏளனம் செய்தல் கூடாது என்று நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கிறோம். ஏளனத்திற்கும் நகைச்சுவைக்கும் உள்ள வேறுபாடு யாதெனக் கேட்கும் மாணவர்களுக்கு நான் ரைஹானியையே எடுத்துக்காட்டுகிறேன். எளியவனைப் பார்த்துச் சிரிப்பது ஏளனம். எளியவனோடு நின்று, அவனை எளியவனாக்கிய உலகத்தைப் பார்த்துச் சிரிப்பது நகைச்சுவை. முன்னது உள்ளத்தை இறுகச் செய்யும். பின்னது இளகச் செய்யும்.

உங்கள் வீட்டுப் பிள்ளைக்கு ஓதிக்கொடுக்க ஓர் உஸ்தாத் வருவாராயின், அவருடைய சட்டையை ஒருமுறை பாருங்கள். பிறகு, மாதம் என்ன கொடுக்கிறோம் என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள்.