பிள்ளை சொன்னபடி

"எந்தத் தேதியில் நடந்தது?" என்று கேட்டால் பிள்ளை தரையைப் பார்க்கும். "அன்னைக்கு என்ன சாப்பாடு?" என்று கேட்டால் நிமிரும். "கேசரி போட்டாங்கக்கா. வைகுண்ட ஏகாதசிக்கு லீவு விட்டிருந்தாங்கல்ல, அன்னைக்கு." எங்கள் திருச்சி மாவட்டத்தில் சொர்க்கவாசல் திறக்கிற நாள் உள்ளூர் விடுமுறை. தேதி கையில் வந்துவிட்டது. ஆடிப்பெருக்குக்கு அம்மா மண்டபம் கூட்டிப்போன நாள், சமயபுரம் பூச்சொரிதல், அரைப் பரீட்சை முடிந்த மறுநாள், யாரோ பிறந்தநாளுக்குப் பிரியாணி கொடுத்த ஞாயிறு. ஹோமில் வளரும் பிள்ளைகளின் காலண்டர் இதுதான்.

காப்பகங்களில் கொடுமைக்கு ஆளான பிள்ளைகள் போலீஸிடமும் நீதிமன்றத்திலும் பேசும்போது பக்கத்தில் உட்கார்ந்திருப்பது என் வேலை. இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஸ்ரீரங்கத்தில் ஒண்ணாம் நம்பர் பஸ் ஏறி, காவிரிப் பாலம் தாண்டி, கண்டோன்மென்ட் கோர்ட்டுக்குப் போவேன். இப்போது சட்டம் எங்களை 'ஆதரவு நபர்' என்கிறது. முன்பெல்லாம் இந்த வேலைக்குப் பெயரே கிடையாது. பிள்ளைகளுக்கு நான் அக்கா, அவ்வளவுதான்.

வேலைக்கு வந்த புதிதில் ஒரு பிள்ளையின் புகார் மனுவை நானே எழுதினேன். அவள் சொன்னது: "ஆபீஸ் ரூமுக்குக் கூப்பிட்டு, கதவைச் சாத்திட்டு, ஒரு மாதிரி பண்ணாரு. எனக்குப் பிடிக்கல." படித்தவள் என்ற நினைப்பில் நான் அதை, 'தவறான நோக்கத்துடன் அத்துமீறி நடந்துகொண்டார்' என்று மாற்றினேன். குறுக்கு விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் மெதுவாகத்தான் கேட்டார். "அத்துமீறின்னா என்னம்மா?" அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் வாய் திறக்க முடியாது. "தெரியாது சார்." "அப்ப இதை யார் எழுதினது?" "அக்கா." சொல்லிக்கொடுத்த சாட்சி என்றாகிவிட்டது. அந்த ஆள் விடுதலையானார். சாத்திய கதவை அந்தப் பிள்ளை எவ்வளவு தெளிவாகச் சொன்னாள்! அதை மறைத்தது என் நல்ல தமிழ்தான்.

குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்தது. குழந்தை பேசியபடியே வாக்குமூலத்தைப் பதிய வேண்டும் என்கிறது அது. சீருடை இல்லாமல் வா, பிள்ளை இருக்கும் இடத்துக்கு நீ போ, வக்கீல் கேள்வியை நீதிபதி வழியாகக் கேள், திரும்பத் திரும்பக் கோர்ட்டுக்கு இழுக்காதே என்றெல்லாம் இருக்கிறது. எனக்கு 'பேசியபடியே' என்கிற அந்த ஒரு வரி போதும். அதைப் படித்த அன்று அந்தப் பிள்ளையின் முகம்தான் வந்தது.

பேசியபடியே எழுதுவதும் லேசான காரியமில்லை. கொட்டப்பட்டு இலங்கைத் தமிழர் முகாமிலிருந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த ஒரு சிறுமி, "வார்டன் எனக்குப் பேசினவ, அன்ரி" என்றாள். எழுதிக்கொண்டிருந்த காவலர் 'வார்டன் என்னிடம் பேசினார்' என்று எழுதினார். இலங்கைத் தமிழில் பேசுவது என்றால் திட்டுவது. பேசுவதற்கு அவர்கள் கதைப்பது என்பார்கள். அந்த ஒரு சொல்லில் திட்டியது அரட்டையாகியிருக்கும். அவள் சொல்லை அப்படியே வைத்து, பக்கத்தில் பொருளைக் குறிக்கச் சொன்னேன்.

அன்றைக்கு விராலிமலை வழக்கை நினைத்துக்கொண்டேன். இலங்கை மாத்தளையிலிருந்து வந்த பிரேமானந்தா, விராலிமலை அருகே பாத்திமாநகரில் ஆசிரமம் நடத்தினார். அங்கே வளர்ந்தவர்களில் போரில் ஆதரவிழந்து கடல் தாண்டி வந்த பெண்பிள்ளைகள் இருந்தார்கள். சோறும் கூரையும் அவர் கொடுத்தது. 'சுவாமி' என்று கும்பிட்டு வளர்ந்தவர்கள், அந்த மனிதருக்கு எதிராகவே சாட்சிக்கூண்டில் ஏறினார்கள். அப்போது போக்சோ இல்லை, ஆதரவு நபர் இல்லை. 1994இல் அவர் கைதானார். 1997 ஆகஸ்டில் புதுக்கோட்டை அமர்வு நீதிபதி ஆர். பானுமதி, 13 பெண்களுக்கு இழைத்த பாலியல் வன்கொடுமைக்கும் ஒரு கொலைக்குமாக இரட்டை ஆயுள் தண்டனை விதித்தார். கலைக்கப்பட்ட ஒரு கருவின் திசுவை ஹைதராபாத் சிசிஎம்பி ஆய்வகம் மரபணுச் சோதனை செய்து தந்த முடிவு முக்கியச் சான்றானது. பலரும் அந்தச் சோதனையைத்தான் வியந்து பேசுகிறார்கள். எனக்கோ, அந்தப் பெண்கள் வாய் திறந்திராவிட்டால் சோதிக்க எதுவுமே ஆய்வகத்துக்குப் போயிருக்காது என்றுதான் தோன்றும். 2005இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை உறுதி செய்தது. கைதின்போது 13 வயதாக இருந்த ஒருத்தி அதற்குள் இருபதைத் தாண்டியிருப்பாள்.

பிள்ளையின் சொல் கிடைத்த பிறகு ஹோமின் பதிவேடுகளைத் தேடுவேன். ஒரு காப்பகத்தில், "நாலு நாள் எங்கள்ல பாதிப் பேர வேற எடத்துக்குக் கூட்டிட்டுப் போனாங்க" என்று ஒருத்தி சொல்லியிருந்தாள். குழந்தைகள் நலக் குழுவோடு ஆய்வுக்குப் போனபோது வருகைப் பதிவேட்டை நீட்டினார்கள். முப்பது நாளும் ஒரே நீல மை, ஒரே சாய்வு, ஒரு அடித்தல்கூட இல்லை. தினமும் எழுதுகிற பேனா நடுவில் ஒருநாளாவது தீரும். சமையல்கட்டு ஆணியில் பால் கணக்கு நோட்டு தொங்கியது. அந்த நாலு நாளும் பால் பாதிதான் வாங்கியிருந்தார்கள்.

தனக்குக் கீழே வேலை பார்ப்பவர் செய்த குற்றத்தைத் தெரிவிக்காத நிறுவனத் தலைவருக்கு போக்சோவில் ஓராண்டு வரைதான் சிறை. எனக்கு அது போதவே போதாது. அந்தப் பிரிவையாவது முதல் தகவல் அறிக்கையில் சேர்க்க வைக்க எத்தனை முறை ஸ்டேஷன் படி ஏறியிருக்கிறேன்! வார்டன் மாட்டுவார், வாட்ச்மேன் மாட்டுவார், டிரஸ்டி மாலையும் சால்வையுமாக அடுத்த விழாவில் உட்கார்ந்திருப்பார். இதை நான் எளிதாக எடுத்துக்கொள்வதில்லை.

பால் நோட்டு கிடைத்த அந்த வழக்கில், பிள்ளையின் வாக்குமூலத்தை மாஜிஸ்திரேட் எழுதி முடித்து வாசித்துக் காட்டினார். சாதாரணமாகப் பெரியவர்களே 'சரிங்கய்யா' என்று தலையாட்டிவிட்டுக் கையெழுத்துப் போடுவார்கள். அவளோ தாளை வாங்கி, விரல் வைத்து, எழுத்துக் கூட்டி வாசித்தாள். மூன்றாவது வரியில் நிறுத்தினாள்.

"பச்சைக் கதவு இல்ல மேடம். நீலக் கதவு."

மாஜிஸ்திரேட் 'பச்சை'யை அடித்து 'நீல' என்று எழுதி, திருத்தத்தின் பக்கத்தில் சுருக்கொப்பமிட்டார். அது என்ன என்று அவள் கேட்டாள். திருத்தியது சரி என்பதற்கு என்றார் அவர். "அப்ப நானும் போடணும்ல?" என்று பேனாவை வாங்கி, ஆறாம் வகுப்பு நோட்டில் எழுதுகிற அதே முழுக் கையெழுத்தை அந்தச் சின்ன இடத்துக்குள் இடுக்கி எழுதி முடிக்கும்வரை நாங்கள் எல்லோரும் காத்திருந்தோம்.